செய்ததை எழுது, செய்யாததை எழுதாதே: ‘நாக்’ வேலையில் இறங்கும் தங்கைக்கு அக்காவின் டிப்ஸ்

எங்கள் கல்லூரி விடுதிக்குப் பின்னால் ஏழு வேப்பமரங்கள் வரிசையாக நிற்கின்றன. என்.எஸ்.எஸ். பிள்ளைகளோடு சேர்ந்து நான் நட்டவை. குழி தோண்டியது, ஆடு கடிக்காமலிருக்க முள் வைத்துக் கட்டியது எல்லாம் நினைவிருக்கிறது. கன்றுக்கு ஒரு மாணவி பொறுப்பு. கோடையில் தட்டு கழுவிய தண்ணீரைக்கூட வாளியில் பிடித்துக்கொண்டுபோய் ஊற்றினார்கள்.

நான்கு வருடம் கழித்து, கல்லூரிகளுக்குத் தரம் போடும் ‘நாக்’ குழு எங்கள் கல்லூரிக்கு வந்தது. மரம் நட்டதைச் சமூகப் பணிப் பட்டியலில் சேர்த்தோம். சர்க்குலர் கேட்டார்கள், இல்லை. கலந்துகொண்டவர்கள் கையெழுத்துப் போட்ட தாள் கேட்டார்கள்; அதுவும் இல்லை. போட்டோ இருந்தது, அதில் தேதி இல்லை. அந்த நிகழ்ச்சி கணக்கில் ஏறவில்லை. மரம் நிற்கிறது, தாள் இல்லை. அந்தப் பிள்ளைகள் பட்ட பாட்டை நான் ஒரு வரி எழுதி வைக்காமல் விட்டேனே என்று அன்று ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை.

நேற்று நீ போனில், “அக்கா, அஞ்சாவது கிரைட்டீரியனை என் தலையில கட்டிட்டாங்க. எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல” என்றாயே, அப்போது எனக்கு அந்த வேப்பமரங்கள்தான் ஞாபகம் வந்தன. மூன்று ‘நாக்’ சுழற்சிகளைப் பார்த்தவள் என்ற முறையில், உனக்கும் உன்னைப்போல முதன்முறை இந்தப் பொறுப்பை ஏற்கும் தங்கைகளுக்கும் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், இது என்ன என்று புரிந்துகொள்

பல்கலைக்கழக மானியக் குழுவின் கீழ் 1994-ல் தொடங்கப்பட்ட தன்னாட்சி அமைப்பு ‘நாக்’ எனும் தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்று அவை. தலைமையகம் பெங்களூருவில் இருக்கிறது. கல்லூரியின் கடந்த ஐந்து ஆண்டுச் செயல்பாட்டை ஏழு தலைப்புகளில் (கிரைட்டீரியன்) பார்த்து, நான்குக்கு எவ்வளவு என்று புள்ளி போடுவார்கள். 3.51 அல்லது அதற்கு மேல் வந்தால் ஏ பிளஸ் பிளஸ், 3.26 முதல் 3.50 வரை ஏ பிளஸ், 3.01 முதல் 3.25 வரை ஏ. அதற்குக் கீழே பி பிளஸ் பிளஸ், பி பிளஸ், பி, சி. 1.50 அல்லது அதற்கும் கீழே போனால் அங்கீகாரமே இல்லை. கிடைக்கும் தரம் பொதுவாக ஐந்து ஆண்டு செல்லும்.

2017-ல் முறை மாறியது. அதற்கு முன்பு ஆய்வுக்குழு வந்து பார்ப்பதுதான் பெரிய விஷயம். அந்த மாற்றத்துக்குப் பிறகு மொத்த மதிப்பெண்ணில் ஏறக்குறைய 70 விழுக்காடு, யாரும் கல்லூரி வாசலை மிதிப்பதற்கு முன்பே, நீ ஏற்றிய எண்களையும் ஆவணங்களையும் வைத்தே முடிவாகிவிடுகிறது. குழு பார்த்துப் போடுவது மீதி 30 விழுக்காடு. ஆகவே விசிட்டுக்கு முந்தைய வாரம் சுவருக்கு வெள்ளையடிப்பதில் காட்டும் வேகத்தை, முந்தைய ஐந்து வருடக் கோப்பில் காட்ட வேண்டும்.

2024 ஜனவரியில் இன்னொரு மாற்றத்தையும் அறிவித்தார்கள். இஸ்ரோ முன்னாள் தலைவர் கே. ராதாகிருஷ்ணன் தலைமையிலான குழு பரிந்துரைத்தபடி, ‘அங்கீகாரம் உண்டு, இல்லை’ என்ற இரட்டை முறையும், அதற்கு மேல் ஐந்து நிலைகளும் என்பது அந்த மாற்றம். நீ விண்ணப்பிக்கும் நேரத்தில் எது நடைமுறையில் இருக்கிறது என்பதை ‘நாக்’ இணையதளத்திலேயே பார்த்து உறுதி செய்துகொள். எந்த முறை வந்தாலும் கேட்கப்போவது ஆதாரம். அதனால் கீழே சொல்பவை எதுவும் வீண்போகாது.

1. கையேட்டை நீயே படி

‘போன தடவை இப்படித்தான் பண்ணோம்’ என்று சீனியர்கள் சொல்வதைக் கேட்டுக்கொள். ஆனால் அதையே பிடித்துக்கொண்டு வேலையை ஆரம்பிக்காதே. பல்கலைக்கழகத்துக்கு ஒரு கையேடு, தன்னாட்சிக் கல்லூரிக்கு ஒன்று, இணைவு பெற்ற கல்லூரிக்கு ஒன்று. உங்கள் கல்லூரி எந்த வகையோ அந்தக் கையேட்டை அச்செடுத்து, ஸ்பைரல் போட்டு, உன் கிரைட்டீரியன் பக்கங்களில் கோடு போட்டுப் படி.

மதிப்பெண் எங்கே குவிந்திருக்கிறது என்பதையும் அதில் பார். இணைவு பெற்ற கல்லூரிக்கு மொத்தம் 1000-ல் இரண்டாவது தலைப்பான கற்பித்தல், கற்றல், மதிப்பீட்டுக்கு மட்டும் 350. தன்னாட்சிக் கல்லூரிக்கு அதே தலைப்புக்கு 300, ஆராய்ச்சிக்கு 150. பல்கலைக்கழகம் என்றால் ஆராய்ச்சிக்கே 250. அதாவது நம் மாதிரி சாதாரணக் கல்லூரிக்கு மிகப் பெரிய மதிப்பெண், தினமும் வகுப்பறையில் நடக்கும் வேலைக்குத்தான். ஆசிரியர் தகுதி, காலியிடம், தேர்ச்சி விகிதம், பாடத்தின் கற்றல் விளைவு எல்லாம் அங்கேதான் வரும். கருத்தரங்குகளுக்குப் பின்னால் ஓடி இதைக் கோட்டை விட்ட கல்லூரிகளைப் பார்த்திருக்கிறேன்.

2. பின்னாலிருந்து நாள் எண்ணு

வரிசை இப்படி வரும்: தகுதி விவர விண்ணப்பம் (ஐ.ஐ.க்யூ.ஏ.), அது ஏற்கப்பட்டதும் தன்னாய்வு அறிக்கை (எஸ்.எஸ்.ஆர்.), பிறகு தரவுச் சரிபார்ப்பு (டி.வி.வி.), அதோடு மாணவர் கருத்துக்கணிப்பு, கடைசியில் குழு வருகை. விண்ணப்பம் ஏற்கப்பட்டபின் அறிக்கை போட 45 நாள் என்பது கணக்கு. ஐந்து வருடத் தரவை 45 நாளில் திரட்ட முடியாது. ஏற்கெனவே திரட்டி வைத்ததை ஏற்றுவதற்குத்தான் அந்த 45 நாள்.

ஆகவே அறிக்கை முழுசாகக் கையில் இருக்கும்போதுதான் விண்ணப்பத்தையே போட வேண்டும். இதைப் பிரின்சிபாலிடம் மரியாதையாக, ஆனால் தெளிவாகச் சொல். ‘மேடம், நாலாவது கிரைட்டீரியன் பில் இன்னும் பாதி வரல. அது வந்தப்புறம் போடலாம்’ என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளாக நீ இரு.

வருடாந்திர அறிக்கையை (ஏ.க்யூ.ஏ.ஆர்.) அலட்சியமாகப் போடாதே. அதில் கொடுத்த எண்ணும் தன்னாய்வு அறிக்கையின் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். வருடா வருடம் அதை ஒழுங்காகப் போட்டுவந்த கல்லூரிக்குத் தன்னாய்வு அறிக்கையில் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கும்.

3. ஒரு நிகழ்ச்சிக்கு ஐந்து தாள், அன்றைக்கே

என் வேப்பமரம் கற்றுக்கொடுத்த பாடம் இது. எந்த நிகழ்ச்சி நடந்தாலும் ஐந்து வேண்டும்:

- பிரின்சிபால் கையெழுத்திட்ட, எண்ணும் தேதியும் உள்ள சர்க்குலர்
- அழைப்பிதழ் அல்லது நிகழ்ச்சி நிரல்
- கலந்துகொண்டவர்கள் பெயர், வகுப்பு, கையெழுத்து
- தேதியும் இடமும் பதிந்த இரண்டு போட்டோ
- ஒரு பக்க அறிக்கை: எதற்காக நடத்தினோம், யார் பேசினார், என்ன பயன்

போட்டோவுக்கு ஜி.பி.எஸ். மேப் கேமரா போன்ற செயலியை எல்லா ஆசிரியர் போனிலும் போட்டுவிடச் சொல். வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த போட்டோவை நம்பாதே. தெளிவும் போயிருக்கும், எடுத்த தேதி விவரமும் போயிருக்கும். மூல போட்டோவை அன்றைக்கே கல்லூரி டிரைவில் ஏற்றச் சொல்.

கணினியில் ‘போட்டோ நியூ’, ‘ஃபைனல் 2’ என்றெல்லாம் பெயர் வைத்தால் மூன்று வருடம் கழித்து நீயே கண்டுபிடிக்க மாட்டாய். கல்வியாண்டு, மெட்ரிக் எண் (கிரைட்டீரியனுக்குள் வரும் கேள்வியின் எண்), துறை, தேதி என்ற வரிசையில் பெயர் வை. மூன்றாவது சுழற்சிக்கு முன்பு நாங்கள் இந்தப் பழக்கத்துக்கு வந்தோம். ஒரு ஆவணத்தைத் தேட இரண்டு நாள் ஆன நிலை போய், இரண்டு நிமிடத்தில் எடுக்க முடிந்தது.

4. ஒரே எண், எல்லா இடத்திலும்

கல்லூரியில் எத்தனை மாணவர்கள் என்று நான்கு பேரிடம் கேள். நான்கு பதில் வரும். அலுவலகம் சொல்வது சேர்க்கைப் பதிவேட்டின் எண். தேர்வுப் பிரிவு சொல்வது ஹால் டிக்கெட் எண். நூலகம் அட்டை எண்ணைச் சொல்லும். துறை சொல்வது இன்று வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களை. நான்கும் உண்மைதான். ஆனால் அறிக்கையில் நான்கும் கலந்தால் சரிபார்ப்பவருக்கு எல்லாமே சந்தேகமாகிவிடும்.

முதல் வாரமே கல்லூரியின் உள்தர உறுதிப் பிரிவான ஐக்யூஏசி ஒருங்கிணைப்பாளரோடும் அலுவலகக் கண்காணிப்பாளரோடும் உட்கார்ந்து ஒரு மூலத்தாள் தயார் செய்யுங்கள். ஐந்து கல்வியாண்டுக்கும் மாணவர் எண்ணிக்கை, ஒப்பளிக்கப்பட்ட இடம், முழுநேர ஆசிரியர், இறுதியாண்டு மாணவர், சம்பளம் நீங்கலான செலவு. இதில் பிரின்சிபால் கையெழுத்தாகட்டும். ஏழு கிரைட்டீரியன் குழுக்களும் அந்தத் தாளிலிருந்துதான் எண் எடுக்க வேண்டும்.

5. அலுவலகத்து அண்ணன்களும் அக்காக்களும் உனக்கு வேண்டும்

‘நாக்’ வேலை ஆசிரியர் வேலை என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆவணத்தில் பெரும்பகுதி இருப்பதோ அலுவலக பீரோவில். உதவித்தொகை ஆணை, ஸ்டாக் ரெஜிஸ்டர், தணிக்கை அறிக்கை, கணினி வாங்கிய பில் எல்லாம் அங்கேதான். அவர்களிடம் சர்க்குலர் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதே. நேரில் போ. அவர்களுக்குச் சேர்க்கை வேலையும் சம்பளப் பட்டியலும் நெருக்கும் நாளைத் தவிர்த்துப் போ. என்ன வேண்டும் என்பதை ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொடு. கிடைத்ததை நகல் எடுத்து, மூலத்தை அன்றைக்கே திருப்பிக் கொடு.

உன் ஐந்தாவது கிரைட்டீரியனில் முதலில் வருவது உதவித்தொகை. தமிழ்நாட்டில் இதற்குக் குறைவே இல்லை. பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர், பழங்குடியினர் உதவித்தொகைகள் இருக்கின்றன. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும் 2024 ஆகஸ்டில் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. இதில் ஒரு சிக்கல். பணம் நேராகப் பிள்ளைகளின் வங்கிக் கணக்குக்குப் போவதால் கல்லூரிக் கணக்குப் புத்தகத்தில் தடமே இருக்காது. வருடா வருடம் பயனாளிகள் பட்டியலை எடுத்து, கையெழுத்தும் முத்திரையும் போட்டு வைக்கச் சொல். ஒரே மாணவிக்கு இரண்டு உதவித்தொகை வந்தால் இரண்டு பேராக எண்ணிவிடாதே.

6. படித்து முடித்துப் போகும் பிள்ளையை வாசலிலேயே பிடி

மேற்படிப்புக்கு எத்தனை பேர் போனார்கள், வேலைக்கு எத்தனை பேர் போனார்கள் என்று உன் கிரைட்டீரியனில் கேட்பார்கள். ஐந்து வருடம் கழித்துப் பழைய மாணவிகளுக்குப் போன் போட்டால் பாதி எண் மாறியிருக்கும். சில பேர் கல்யாணமாகி வேறு ஊர் போயிருப்பார்கள்.

நான் கண்ட எளிய வழி இது. டி.சி. வாங்க, பட்டச் சான்றிதழ் வாங்க, பட்டமளிப்பு விழாவுக்கு என்று அவர்கள் எப்படியும் கல்லூரிக்கு வருவார்கள். அப்போது ஒரு மேசை போட்டு ஒரு ஆளை உட்கார வை. இப்போது என்ன செய்கிறாள், எங்கே, அடையாள அட்டை அல்லது நியமன ஆணையின் நகல், வீட்டு போன் எண் ஒன்று, அம்மா அப்பா போன் எண் ஒன்று. ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிடம் போதும்.

வேலைக்குப் போகாத பிள்ளையையும் பரிவோடு கேள். “மேல படிக்க ஆசைதான் மிஸ், வீட்ல விடல” என்று ஒருத்தி சொன்னாள். அவள் வீட்டுக்கு இரண்டு ஆசிரியைகள் போய்ப் பேசினோம். அடுத்த ஆண்டு எம்.எஸ்ஸி. சேர்ந்தாள். பட்டியலுக்காகப் போட்ட மேசையால் ஒரு பெண்ணின் படிப்பு தொடர்ந்தது.

7. சரிபார்ப்பில் கேள்வி வந்தால் பதறாதே

அறிக்கை போனபின், நீ கொடுத்த எண்ணில் சந்தேகம் இருந்தால் விளக்கம் கேட்டு அனுப்புவார்கள். குறுகிய கெடுவில் பதில் தர வேண்டும். இது எல்லாக் கல்லூரிக்கும் வரும். உன்மேல் குற்றச்சாட்டு என்று எடுத்துக்கொள்ளாதே.

கேட்டதற்கு மட்டும் பதில் கொடு. ‘2021-22க்கான மூன்று நிகழ்ச்சிகளின் அறிக்கை’ என்று கேட்டால் அந்த மூன்றை மட்டும், அதே வரிசையில். முப்பது கோப்பை அள்ளிப் போட்டால் கேட்டது அதற்குள் புதைந்துபோகும். ஆங்கிலம் அல்லாத ஆவணத்துக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு சேர். இணையதள இணைப்பு கொடுத்திருந்தால் உன் போனில் திறக்கிறதா என்று பார்க்காதே. வேறு ஊரிலிருக்கும் ஒரு தோழியின் போனில் திறக்கச் சொல். கல்லூரிக் கணினியில் மட்டும் திறக்கும் இணைப்புகள் எத்தனையோ மதிப்பெண்ணைத் தின்றிருக்கின்றன.

உன் எண் தவறு என்று உனக்கே தெரிந்தால், திருத்திய எண்ணைக் கொடு. தவறைக் காப்பாற்றப் புதிதாக ஒரு தாள் தயாரிக்காதே.

8. மாணவர் கருத்துக்கணிப்பைக் கடைசி நேர வேலையாக்காதே

மாணவர்களின் மின்னஞ்சலுக்கு ‘நாக்’ நேரடியாகக் கேள்விகள் அனுப்பும். ஆசிரியர் பாடத்தை முடிக்கிறாரா, மதிப்பீடு நியாயமாக இருக்கிறதா என்பது போன்றவை. கல்லூரி கொடுக்கும் மின்னஞ்சல் முகவரி சரியாக இருந்தால்தான் அது பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும். சேர்க்கை விண்ணப்பத்தில் பல பிள்ளைகள் பிரவுசிங் சென்டர்காரர் போட்டுக் கொடுத்த முகவரியைத்தான் எழுதியிருப்பார்கள். கடவுச்சொல் அவர்களுக்கே தெரியாது. முதலாண்டிலேயே ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஆளுக்கொரு மின்னஞ்சலைத் தொடங்கிப் பயன்படுத்தக் கற்றுக்கொடு. ‘நாக்’ போனபிறகும் வேலை தேடும்போது அது அவர்களுக்கு உதவும்.

என்ன பதில் போட வேண்டும் என்று சொல்லிக்கொடுக்காதே. ஸ்டாஃப் ரூமில் உட்காரவைத்து டிக் அடிக்க வைப்பது தவறு. அந்தப் பிள்ளைக்கு நாம் கற்றுக்கொடுக்கும் பாடம் என்ன என்று யோசித்துப் பார்.

9. செய்யாததை எழுதாதே

இது எல்லாவற்றிலும் முக்கியம். நெருக்கடியில் யாராவது வந்து, “மூணு வருஷ மினிட்ஸ் இல்ல, ராத்திரி உக்காந்து எழுதிடுவோம், கையெழுத்து மட்டும் போடு” என்பார்கள். ஒரு கல்லூரியில் நானே பார்த்தேன். மூன்று வருடக் கூட்டக் குறிப்பும் ஒரே பேனா, ஒரே மை, ஒரே சாய்வு. ஆய்வுக்குழுவில் வந்திருந்த மூத்த பேராசிரியர் பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மூடி வைத்துவிட்டார். எதிரே நின்ற இளம் ஆசிரியையின் முகம் வெளிறிப் போனதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. அந்தக் குறிப்பின் அடியில் இருந்தது அவள் கையெழுத்து. எழுதச் சொன்னவர்கள் யாரும் அந்த அறையில் இல்லை.

உன் கையெழுத்து உன் சொத்து. நடக்காத கூட்டத்துக்கு, வராத மாணவிக்கு, வாங்காத புத்தகத்துக்கு அதைக் கொடுக்காதே. “மேடம், இது நடக்கல. இந்த வருஷத்துல இருந்து நடத்துவோம், அதை எழுதுவோம்” என்று சொல். கோபப்படுவார்கள். ஒரு வாரத்தில் மறந்துவிடுவார்கள். போலித் தாள் உன் பெயரோடு கோப்பில் காலத்துக்கும் இருக்கும்.

குழுவினருக்குப் பரிசு, பட்டுப்புடவை, வெள்ளிக் குத்துவிளக்கு என்று யாராவது பேச்செடுத்தால் ஒதுங்கி நில். அவர்கள் பயணம், தங்குமிடம் எல்லாம் ‘நாக்’ பார்த்துக்கொள்வது. 2025 பிப்ரவரியில் லஞ்சப் புகாரில் ஆய்வுக்குழுவினர் சிலரையே சி.பி.ஐ. கைது செய்தது நாடறிந்த செய்தி.

10. ‘சிறந்த நடைமுறை’க்குப் பெரிய வார்த்தை தேடாதே

ஏழாவது கிரைட்டீரியனில் கல்லூரியின் இரண்டு சிறந்த நடைமுறைகளை எழுதச் சொல்வார்கள். உடனே இணையத்தில் தேடி, வேறு கல்லூரி எழுதியதை எடுத்துவைத்துக்கொள்வார்கள். வேண்டாம். உங்கள் கல்லூரியில் பல வருடமாக இயல்பாக நடப்பது என்ன என்று பழைய ஆசிரியர்களையும் காவலாளியையும் கேள்.

எங்கள் கல்லூரிக்குக் காலையில் வரும் பிள்ளைகளில் பலர் முதல் பஸ்ஸைப் பிடிக்க வெறும் வயிற்றோடு கிளம்புகிறவர்கள். ஆசிரியர்கள் மாதம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, கேன்டீனில் அவர்களுக்கு டோக்கன் கொடுத்துவந்தோம். யாருக்குக் கொடுக்கிறோம் என்பது மற்றப் பிள்ளைகளுக்குத் தெரியாது. அதை ஒரு நடைமுறையாக எழுதலாம் என்று முதலில் எங்களுக்கே தோன்றவில்லை. எழுதினோம். நோக்கம், எப்படித் தொடங்கியது, எப்படி நடக்கிறது, என்ன சிரமம், என்ன பலன் என்று ஐந்து பத்தி, பிள்ளைகள் பெயர் இல்லாமல். குழு வந்தபோது அதைப் பற்றித்தான் அதிக நேரம் கேட்டார்கள்.

11. வருகை நாட்களில்

நேரில் வந்தாலும் காணொலியில் பார்த்தாலும் அவர்கள் பார்ப்பது கல்லூரியின் அன்றாடம். இவற்றை நீயே நடந்துபோய்ச் சரிபார்:

- எல்லாக் கழிப்பறையிலும் தண்ணீர், தாழ்ப்பாள், வாளி. மாணவிகள் கழிப்பறையில் நாப்கின் எரிக்கும் இயந்திரம் இருந்தால் அது ஓடுகிறதா?
- சாய்தளம் படி ஏறும் இடம்வரை மட்டுமா, வகுப்பறை வாசல்வரை போகிறதா? சக்கர நாற்காலியில் ஒருவரை உட்காரவைத்து ஒரு தடவை தள்ளிப் பார்.
- குடிநீர்க் குழாய், தீயணைப்பான் காலாவதித் தேதி, முதலுதவிப் பெட்டி.
- பாலியல் புகார்களுக்கான உள்ளகக் குழு உறுப்பினர் பெயர், போன் எண் பலகையில் இருக்கிறதா? மாற்றலாகிப் போனவர் பெயர் இன்னும் தொங்குகிறதா?
- ஆய்வகத்தில் எந்தக் கருவியைக் காட்டினாலும் அதை இயக்கத் தெரிந்த மாணவி பக்கத்தில் இருக்கிறாளா?

துறை விளக்கத்துக்கு ஸ்லைடு கொஞ்சமாகப் போதும். ‘வலுவான துறை’ என்று எழுதாதே; ‘ஆறு ஆசிரியர், நால்வர் பிஎச்.டி., இருவர் செட் தேர்ச்சி’ என்று எழுது. தெரியாத கேள்வி வந்தால், ‘பார்த்து மதியத்துக்குள் தருகிறேன் சார்’ என்று சொல். சொன்னபடி கொண்டுபோய்க் கொடு.

பிள்ளைகளுடன் குழு தனியாகப் பேசும். ஆங்கிலம் சரளமாக வருகிறவர்களை மட்டும் பொறுக்கி முன்வரிசையில் உட்கார வைக்காதே. எங்களிடம் ஒரு மாணவி எழுந்து, “எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராதுங்க, தமிழ்ல சொல்லட்டுமா?” என்று கேட்டாள். ஆங்கிலம் தெரிந்த தோழி ஒருத்தி மொழிபெயர்த்தாள். தமிழில் பேசிய அந்த மாணவிதான் அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அப்பா கல்குவாரியில் வேலை. மூன்றாவது செமஸ்டரில் நின்றுவிட இருந்தவளை அவள் மென்டர் எப்படிப் பிடித்து நிறுத்தினார் என்று சொன்னாள். அறை அமைதியாகிவிட்டது. எந்த ஸ்லைடும் செய்யாத வேலையை அந்தப் பிள்ளை செய்தாள்.

12. உன் உடம்பையும் கவனி

இந்த மாதங்களில் வீட்டு வேலை குறையாது. கல்லூரி வேலை மட்டும் இரட்டிப்பாகும். வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்லிவிடு: ‘இந்த ரெண்டு மாசம் ராத்திரிச் சமையல் என்னால முடியாது. மாவு அரைச்சு வச்சுடறேன், ஊத்திக்கிறது உங்க பொறுப்பு’ என்று. மாப்பிள்ளையும் பிள்ளைகளும் கற்றுக்கொள்ளட்டும். ராத்திரி பத்து மணிக்கு மேல் அறிக்கையில் எண் ஏற்றாதே. தூக்கக் கலக்கத்தில் ஒரு பூஜ்யம் கூடும். ஏற்றியதை மறுநாள் காலையில் இன்னொரு ஆளை வைத்து வாசித்துச் சரிபார். கர்ப்பிணித் தோழியோ கைக்குழந்தைக்காரியோ குழுவில் இருந்தால் அவள் பங்கை நீங்கள் பிரித்துக்கொள்ளுங்கள்.

எந்தக் காரணத்துக்காகவும் வகுப்பை விடாதே. ‘நாக் வேலை’ என்று சொல்லிப் பாடம் நடத்தாமல் விட்டால், எந்தக் கற்பித்தலுக்காக 350 மதிப்பெண் கேட்கிறோமோ அதையே நாம் தூக்கிப் போட்டதாகிவிடும்.

13. முடிவு வந்தபின்தான் அடுத்த வேலை

கடைசி நாள் கூட்டத்தில் குழுவின் அறிக்கை பிரின்சிபால் கைக்கு வரும். தரம் வெளியானதும் பேனர் கட்டுவார்கள், கேக் வெட்டுவார்கள். நீயும் சந்தோஷமாக இரு, உழைத்தவள். ஆனால் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் பலம், குறை, பரிந்துரை என்று எழுதியிருப்பார்கள். அந்தப் பக்கத்தை நகல் எடுத்து ஐக்யூஏசி அறையில் ஒட்டு. ஒவ்வொரு பரிந்துரைக்கும் பொறுப்பாளர் பெயரும் தேதியும் பக்கத்தில் எழுது. அடுத்த சுழற்சியில் முதலில் கேட்கப்போவது, போன தடவை சொன்னதைச் செய்தீர்களா என்பதைத்தான்.

தரம் எதிர்பார்த்ததைவிடக் குறைந்தால் யார்மேலும் பழி போடாதீர்கள். எந்த மெட்ரிக்கில் எவ்வளவு போனது என்று வரிவரியாகப் பாருங்கள். அநியாயம் என்று தோன்றினால் மேல்முறையீட்டுக்கு வழியிருக்கிறது. குறைந்தது நம்மால்தான் என்றால் ஒப்புக்கொண்டு, மறுநாளே ஆரம்பியுங்கள்.

எங்கள் வேப்பமரங்களுக்கு இப்போது ஒரு பதிவேடு இருக்கிறது. மரத்துக்கு ஒரு பக்கம். நட்ட நாள், தண்ணீர் ஊற்றிய மாணவியின் பெயர், வருடா வருடம் எடுத்த போட்டோ. பழைய பிள்ளைகளைத் தேடிப்பிடித்துப் பெயர் கேட்டு எழுதினோம். இழந்த மதிப்பெண் திரும்பி வரவில்லை. அந்தப் பெயர்கள் வந்துவிட்டன. எனக்கு அதுவே போதும்.

தங்கச்சி, இன்றைக்கு உன் துறையில் ஏதாவது நிகழ்ச்சி நடந்திருந்தால், வீட்டுக்குக் கிளம்பும் முன்பு அந்த ஐந்து தாளையும் கோப்பில் போட்டுவிட்டுக் கிளம்பு.